போவது எளிது, நிற்பதுதான் கடினம்: யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஏன் இன்னொரு கலம் போகவில்லை?

யுரேனஸ், நெப்டியூன் பற்றி அண்மையில் வந்த செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்குக் குழப்பம் வராமல் இருந்தால்தான் வியப்பு. நெப்டியூன் கருநீல நிறமே இல்லை, இரண்டும் ஏறத்தாழ ஒரே பச்சை கலந்த நீலம் என்று 2024 ஜனவரியில் ஓர் ஆய்வு. யுரேனஸின் காந்தமண்டலம் (கோளின் காந்தப்புலம் ஆளும் வெளி) பற்றி நாம் நினைத்திருந்தது ஒரு விதிவிலக்கான நாளின் கதை என்று அதே ஆண்டு நவம்பரில் இன்னொன்று. யுரேனஸின் ஒரு நாள் 28 நொடி கூடுதல் என்று 2025 ஏப்ரலில் வந்தது. அந்தக் கோள் உள்ளிருந்து வெப்பம் விடுவதே இல்லை என்பதும் சரியல்ல என்று அதே ஆண்டில் சொன்னார்கள். ஆகஸ்டில் புதிதாக ஒரு நிலா கிடைத்து எண்ணிக்கை 29 ஆனது.

அப்படியானால் இத்தனை காலம் பாடப்புத்தகங்களில் இருந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஒரே ஒரு கலத்திலிருந்து. வாயேஜர் 2 யுரேனஸை 1986 ஜனவரி 24 அன்றும், நெப்டியூனை 1989 ஆகஸ்ட் 25 அன்றும் கடந்து போனது. அதற்கு முன்னும் யாரும் போகவில்லை, பின்னும் போகவில்லை. வியாழனைக் கலிலியோவும் ஜூனோவும் சுற்றின. சனியைக் காசினி 13 ஆண்டுகள் சுற்றியது. இந்த இரண்டை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்டால் "தூரம் அதிகம்" என்பார்கள். அது பாதிப் பதில்தான். ஒரு கலத்தை நெப்டியூனைத் தாண்டி எறிவது 1977-லேயே முடிந்த காரியம். எறிந்ததை அங்கே நிறுத்துவதும், நிறுத்தியதை உயிரோடு வைத்திருப்பதும்தான் இன்றுவரை முடியாத காரியம்.

முதலில் சில அடிப்படைகள்

வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம், ஏறத்தாழ 15 கோடி கி.மீ. சூரியனிலிருந்து வியாழன் 5.2 அலகு, சனி 9.5, யுரேனஸ் 19.2, நெப்டியூன் 30.1. அதாவது சனியிலிருந்து யுரேனஸுக்கு உள்ள இடைவெளி, சூரியனிலிருந்து சனிக்கு உள்ள அளவே இருக்கிறது. நான்கையும் "வெளிக்கோள்கள்" என்று ஒரே வரியில் எழுதும்போது இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை.

நான்கும் ஒரே வகையும் அல்ல. வியாழன் (பூமியைப் போல 318 மடங்கு நிறை), சனி (95 மடங்கு) இரண்டும் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் கொண்ட வாயுப் பெருங்கோள்கள். யுரேனஸ் (14.5 மடங்கு), நெப்டியூன் (17 மடங்கு) இரண்டையும் பனிப் பெருங்கோள்கள் என்பார்கள். உள்ளே பனிக்கட்டி இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. நீர், அம்மோனியா, மீத்தேன் போன்றவை ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் அடர்ந்த பாய்மமாக இருக்கின்றன என்பதே இன்றைய புரிதல். மேலே ஹைட்ரஜன், ஹீலியம் போர்வை. நான்கில் எதற்கும் கால் ஊன்றத் தரை கிடையாது.

வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் நெப்டியூன் அளவும் அதைவிடச் சற்றுச் சிறியதுமானவை ஏராளம். அண்டத்தில் இவ்வளவு மலிந்து கிடக்கும் ஒரு வகையின் மாதிரிகள் இரண்டு நம் வீட்டிலேயே இருந்தும், அவற்றின் உள்ளமைப்பு நமக்குச் சரியாகத் தெரியாது. வானியலாளர்கள் இந்த இரண்டுக்காக விடாமல் வாதாடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

சில மணி நேரச் சந்திப்பு எப்படித் தவறாக வழிகாட்டும்?

யுரேனஸ் 98 பாகை சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்தபடி சுழல்கிறது. 1986-ல் அதன் தென்துருவம் சூரியனைப் பார்த்திருந்தது. நிலாக்களின் பாதைகள் கோளின் நடுக்கோட்டுத் தளத்தில் இருப்பதால், அந்தத் தளம் முழுவதும் வாயேஜர் வந்த திசைக்கு நேர்குத்தாக நின்றது. கலம் அதை ஒரே துளைப்பில் கடந்தது. நிலாக்களை ஒவ்வொன்றாக நெருங்க வழியில்லை. எல்லா நெருக்கச் சந்திப்புகளும் சில மணி நேரத்துக்குள் முடிந்தன. மிராண்டாவுக்கு 29,000 கி.மீ. அருகில் போனதற்குக்கூட மிராண்டா மீதான ஆர்வம் காரணமில்லை. நெப்டியூன் பக்கம் திரும்ப எந்தப் புள்ளி வழியாகப் போக வேண்டுமோ, அதன் அருகில் இருந்த பெரிய நிலா அதுதான். மற்ற பெரிய நிலாக்கள் தூரத்துப் படங்களோடு நின்றன. எல்லாவற்றிலும் வட பாதி இருட்டில் இருந்ததால் படமே இல்லை.

இப்போது அந்தச் செய்திகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. ஒரு நாளின் நீளம். தரை இல்லாத கோளில் சுழற்சியை மேகத்தை வைத்து அளக்க முடியாது. மேகம் காற்றோடு போகும். உள்ளே உருவாகும் காந்தப்புலம் சுழல்வதைத்தான் அளக்க வேண்டும். வாயேஜர் தந்தது 17 மணி 14 நிமிடம் 24 நொடி. ஹப்பிள் 2011 முதல் 2022 வரை எடுத்த துருவஒளிப் படங்களைக் கொண்டு காந்தத் துருவங்களைப் பின்தொடர்ந்தபோது கிடைத்தது 17 மணி 14 நிமிடம் 52 நொடி. 28 நொடிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுழற்சிக்கு 0.16 பாகை பிசகு, ஆண்டுக்கு ஏறத்தாழ 508 சுழற்சிகள், ஆக ஆண்டுக்கு 80 பாகைக்கு மேல் பிசகும். 1986-க்குச் சில ஆண்டுகளுக்குள்ளேயே காந்தத் துருவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது.

2. காந்தமண்டலம். வாயேஜர் அங்கே ஆற்றல்மிக்க எலக்ட்ரான் பட்டைகளைக் கண்டது, ஆனால் அவற்றுக்குத் தீனி போட வேண்டிய மின்மத் துகள்கள் மிகக் குறைவாகவே தென்பட்டன. நிலாக்கள் எதையும் வெளியே விடாத செத்த உலகங்கள் என்ற முடிவு அதிலிருந்துதான் வந்தது. பழைய தரவை மறுபடி பிரித்துப் பார்த்த 2024 ஆய்வு, கலம் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் சூரியக்காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்மத் துகள்களின்) அழுத்தம் ஏறத்தாழ 20 மடங்கு எகிறிக் காந்தமண்டலத்தை நசுக்கியிருந்தது என்று காட்டியது. அப்படிப்பட்ட நிலை 5 சதவீதத்துக்கும் குறைவான நேரமே இருக்கும். வாயேஜர் ஒரு வாரம் முன்பின்னாகப் போயிருந்தால் நாற்பது ஆண்டுப் பாடம் வேறாக இருந்திருக்கும்.

3. உள்வெப்பம். நெப்டியூன் சூரியனிடமிருந்து பெறுவதைப்போல 2.6 மடங்கு வெப்பத்தை வெளியே விடுகிறது. யுரேனஸ் வாங்கியதை மட்டுமே திருப்பித் தருவதாக வாயேஜர் அளவீடுகள் காட்டின. கோள் விடும் ஒளியையும் வெப்பத்தையும் எல்லாத் திசைகளிலும், எல்லாப் பருவங்களிலும் அளந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். 84 ஆண்டு நீளமான ஓராண்டில் ஒரே பருவத்தில், ஒரு சில கோணங்களில் அளந்தது போதவில்லை. நீண்டகாலத் தரவுகளைச் சேர்த்த புதிய கணக்குகள் 12 முதல் 15 சதவீதம் வரை கூடுதல் வெப்பம் வருவதாகச் சொல்கின்றன.

நிறம் பற்றிய குழப்பம் இதே கணக்கில் சேராது. நெப்டியூன் படங்களில் மேகப்பட்டைகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மாறுபாட்டைக் கூட்டி வெளியிட்டார்கள்; அப்போதே அதைக் குறிப்பிட்டும் இருந்தார்கள். குறிப்பு காலப்போக்கில் உதிர்ந்தது, கருநீலம் நிலைத்தது.

ஆக, கடந்து செல்லும் கலம் ஒரு கணத்தைப் படம் பிடிக்கும். பருவம், மாற்றம், உள்ளமைப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும் கலம் வேண்டும். இனி அதை அனுப்புவதில் உள்ள சிக்கல்களைப் பார்க்கலாம்.

சிக்கல் 1: நேரம்

பூமி சூரியனை நொடிக்கு 29.8 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகம் கலத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதன்மேல் நொடிக்கு 8.8 கி.மீ. சேர்த்தால் பாதையின் மறுமுனை வியாழனைத் தொடும். 11.3 சேர்த்தால் யுரேனஸ். 11.7 சேர்த்தால் நெப்டியூன். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள வேக வித்தியாசம் அரை கி.மீ. கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரக் கணக்கு அப்படி இல்லை. இந்தக் குறைந்த ஆற்றல் பாதையில் வியாழனுக்கு 2.7 ஆண்டுகள், சனிக்கு 6, யுரேனஸுக்கு 16, நெப்டியூனுக்கு 30-க்கு மேல். மேல்நோக்கி எறிந்த கலம் சூரியனின் ஈர்ப்பால் போகப் போக மெதுவாகி, கடைசிப் பகுதியைத்தான் ஊர்ந்து கடக்கிறது.

வாயேஜர் 2 யுரேனஸை எட்டரை ஆண்டுகளில் எட்டியது ஈர்ப்பு உந்துதலால். ஒரு கோளை நெருங்கிக் கடக்கும் கலம், அந்தக் கோளைப் பொறுத்தவரை வந்த வேகத்திலேயே வெளியேறும்; திசை மட்டும் திரும்பும். ஆனால் கோளே சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, வியாழன் நொடிக்கு 13 கி.மீ. வேகத்தில். கலத்தின் புதிய திசை கோள் ஓடும் திசையோடு ஒத்துப்போனால், சூரியனைப் பொறுத்த அதன் வேகம் கூடிவிடும். கோள் அந்த அளவு ஆற்றலை இழக்கிறது, அளக்கவே முடியாத அற்பம்.

இதற்கு வியாழன் சரியான இடத்தில் இருக்க வேண்டும். வியாழனும் யுரேனஸும் அதே அமைப்புக்குத் திரும்ப 13.8 ஆண்டுகள், வியாழனும் நெப்டியூனும் திரும்ப 12.8 ஆண்டுகள். நான்கையும் ஒரே வீச்சில் தொட்ட 1970-களின் வாய்ப்பு 175 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது.

சிக்கல் 2: நிற்பது

மொத்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. விண்வெளியில் காற்றுத் தடை இல்லை. வந்த வேகத்தைக் குறைக்காவிட்டால் கோளின் ஈர்ப்பு கலத்தை வளைத்துவிட்டு அனுப்பிவிடும். நியூ ஹொரைசன்ஸ் கலம் ஒன்பதரை ஆண்டுகளில் புளூட்டோவை அடைந்தது. கடந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. நிறுத்துவதற்கு அதனிடம் எரிபொருள் இல்லை, நிறுத்தும் நோக்கமும் இல்லை.

பிரேக் போட இன்று கையில் உள்ள ஒரே வழி, எஞ்சினைப் போகும் திசைக்கு எதிராக இயக்குவது. அதைக் கோளுக்கு மிக அருகில், கலம் உச்ச வேகத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். வேகம் அதிகமாக இருக்கும்போது குறைக்கும் ஒவ்வொரு மீட்டரும் கூடுதல் ஆற்றலைக் கழிக்கும் என்பதால் எரிபொருள் மிச்சமாகும். யுரேனஸின் மேகமட்டத்தில் விடுபடு வேகம் (கோளின் பிடியிலிருந்து தப்பத் தேவையான வேகம்) நொடிக்கு 21.3 கி.மீ. கலம் மேகமட்டத்தை உரசிப் போவதாக வைத்துக்கொண்டு, வழக்கமான இரு திரவ எரிபொருள் எஞ்சினுக்குக் கணக்குப் போட்டால்:

- கோளை நோக்கி நொடிக்கு 5 கி.மீ. வேகத்தில் வந்தால், உச்ச வேகம் 21.9. குறைக்க வேண்டியது 0.6 கி.மீ. கலத்தின் எடையில் 17 சதவீதம் எரிபொருளாகப் போகும்.
- 10 கி.மீ. வேகத்தில் வந்தால், உச்ச வேகம் 23.5. குறைக்க வேண்டியது 2.2 கி.மீ. எடையில் பாதிக்குச் சற்று மேல்.
- 14 கி.மீ. வேகத்தில் வந்தால், உச்ச வேகம் 25.5. குறைக்க வேண்டியது 4.2 கி.மீ. எடையில் ஏறத்தாழ 74 சதவீதம்.

இது கோளின் பிடியில் மயிரிழையில் சிக்குவதற்கு மட்டும். பயன்படும் சுற்றுப்பாதைக்குள் இறங்கவும், ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள் செய்யவும் மேலும் வேண்டும். நிஜத்தில் வளையங்களைத் தவிர்த்துச் சற்று உயரத்தில்தான் போக முடியும் என்பதால் எண்கள் இன்னும் மோசமாகும்.

முதல் வரியில் உள்ள 5 கி.மீ. யாருக்குக் கிடைக்கும்? 16 ஆண்டுப் பாதையில் ஊர்ந்து போகிறவருக்கு. சீக்கிரம் போக ஆசைப்பட்டால் இரண்டாவது, மூன்றாவது வரிக்கு நகர வேண்டும். பெரிய ராக்கெட் இருந்தால் போதும் என்ற வாதம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. பெரிய ராக்கெட் எறியும் வேகத்தைக் கூட்டும். நிறுத்தும் எரிபொருளையும் அதே ராக்கெட்தான் சுமக்க வேண்டும்.

காசினி இதை எப்படிச் சமாளித்தது என்று பார்த்தால் விகிதம் புரியும். புறப்படும்போது ஏறத்தாழ 5,700 கிலோ. அதில் பாதிக்கு மேல், 3,100 கிலோ, எரிபொருள். 1997 அக்டோபரில் கிளம்பி, வெள்ளியை இருமுறை, பூமியை ஒருமுறை, வியாழனை ஒருமுறை கடந்து உந்துதல் வாங்கி, 2004 ஜூலை 1 அன்று சனியை அடைந்தது. அங்கே எஞ்சின் 96 நிமிடம் ஓடி, நொடிக்கு 626 மீட்டரைக் குறைத்தது. ஒரே மூச்சில் ஏறத்தாழ 850 கிலோ எரிபொருள் தீர்ந்தது. சனிக்கே இப்படி.

எஞ்சின் கடைசி நேரத்தில் ஒத்துழைக்குமா என்பது தனிக் கவலை. பல ஆண்டுகள் தூங்கிய வால்வு ஒரே முறை, சரியான நிமிடத்தில் திறந்தாக வேண்டும். வியாழனைச் சுற்றும் ஜூனோவில் 2016 அக்டோபரில், எரிபொருளை அழுத்தித் தள்ளும் ஹீலியத்துக்கான இரண்டு தடுப்பு வால்வுகள் சில நொடிகளில் திறப்பதற்குப் பதிலாகப் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டன. 53 நாள் சுற்றை 14 நாளாகக் குறைக்கும் திட்டத்தை அதோடு கைவிட்டார்கள். ஜூனோ ஏற்கெனவே சுற்றுப்பாதையில் இருந்ததால் தப்பியது. கோளை அடையும் நாளில் இது நடந்திருந்தால் கலம் வியாழனைத் தாண்டிப் போயிருக்கும்.

சிக்கல் 3: மின்சாரம்

சூரிய ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். வியாழனில் பூமியில் உள்ளதில் 27-ல் ஒரு பங்கு, சனியில் 90-ல் ஒன்று, யுரேனஸில் 370-ல் ஒன்று, நெப்டியூனில் 900-ல் ஒன்று. ஜூனோவின் மூன்று சூரியத் தகடுகள் பூமியருகே 14,000 வாட் தரக்கூடியவை. வியாழனில் 500 வாட்டுக்கு இறங்கின. அதே தகடுகளை யுரேனஸுக்குக் கொண்டுபோனால் 38 வாட், நெப்டியூனில் 15 வாட். அதுவும் கடுங்குளிரில் தகட்டின் திறன் கெடாது என்று வைத்துக்கொண்டால்.

எனவே புளூட்டோனியம்-238. இது தானே சிதைந்து வெப்பம் விடும். அந்த வெப்பத்தை இருவேறு பொருள்கள் சேர்ந்த வெப்ப மின்னிணைகள் மின்சாரமாக்கும். அசையும் பாகம் இல்லை என்பது இதன் பெரிய பலம். திறன் குறைவு என்பது பலவீனம்: செவ்வாயில் ஓடும் ஊர்திகளில் உள்ள வகை மின்கலனில் 4.8 கிலோ புளூட்டோனிய ஆக்சைடு 2,000 வாட் வெப்பம் தந்தால், மின்சாரமாகக் கிடைப்பது தொடக்கத்தில் 110 வாட்தான்.

இதன் அரை ஆயுள் 87.7 ஆண்டுகள். 13 ஆண்டுப் பயணத்தில் வெப்பம் 10 சதவீதம் குறையும். மின்னிணைகளும் தேய்வதால் மின்சாரம் அதைவிட வேகமாகக் குறையும். கோளை அடையும்போது கையில் இருக்கப்போவதை வைத்துத்தான் கருவிகளைத் தேர்வு செய்ய வேண்டும், புறப்படும்போது இருப்பதை வைத்து அல்ல. 1977-ல் 470 வாட்டோடு கிளம்பிய வாயேஜர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் இழந்து, இப்போது கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு ஓடுகின்றன.

புளூட்டோனியம்-238 கடையில் கிடைக்கும் பொருளும் அல்ல. நெப்டூனியம்-237-ஐ அணு உலையில் வைத்து நியூட்ரானால் தாக்கி, பிறகு வேதி முறையில் பிரித்தெடுக்க வேண்டும். அமெரிக்கா 1988-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2015-ல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் மறுபடி கிடைத்த முதல் அளவு 50 கிராம். இலக்கு ஆண்டுக்கு 1.5 கிலோ ஆக்சைடு. மேலே சொன்ன ஒரே ஒரு மின்கலனுக்கு அந்த வேகத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். சுற்றுக்கலத்துக்கு ஒன்று போதாது. காசினி சுமந்தது 33 கிலோ.

சிக்கல் 4: பேசுவது

ஒளி வேகத்தில் யுரேனஸிலிருந்து சிக்னல் வர ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம், நெப்டியூனிலிருந்து 4 மணி நேரத்துக்கு மேல். கலத்தில் ஏதாவது கெட்டுப்போனால் செய்தி வந்து, பதில் போய்ச் சேர ஒரு முழு வேலைநாள் கழிந்துவிடும். அதனால் கோளை நெருங்கும் நேரத்தில் கலம் தானே முடிவெடுத்தாக வேண்டும்.

தாமதத்தைவிடச் சிக்னலின் பலவீனம்தான் பெரிய இடர். வாயேஜரின் ஒலிபரப்பி ஏறத்தாழ 20 வாட், ஆன்டெனா 3.7 மீட்டர். வியாழனிலிருந்து நொடிக்கு 1,15,200 பிட் அனுப்பியது நெப்டியூனில் 21,600 ஆனது. அதைக் காப்பாற்றவே பெரும் பாடு பட்டார்கள்: பூமியில் 64 மீட்டர் ஆன்டெனாக்களை 70 மீட்டராக அகலப்படுத்தினார்கள், நியூ மெக்சிகோவில் உள்ள 27 ரேடியோ தொலைநோக்கிகளையும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியையும் சேர்த்துக் கேட்டார்கள். படங்களைச் சுருக்கி அனுப்பக் கலத்தின் கணினிக்கு வழியிலேயே புது நிரல் ஏற்றினார்கள். மங்கிய ஒளியில் படம் எடுக்க 15 நொடிக்கு மேலும் ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டியிருந்ததால், படம் கலங்காமல் இருக்கக் கலத்தையே மெல்லத் திருப்பிக்கொண்டு எடுத்தார்கள்.

நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவைக் கடந்தது 2015 ஜூலையில். நொடிக்கு ஓரிரு ஆயிரம் பிட் வீதம் அனுப்பி முடிக்க 2016 அக்டோபர் ஆனது.

நடுவழியில் கெட்டுப்போகும் பாகங்கள்

பத்துப் பதினைந்து ஆண்டு பயணத்தில் பழுது வராமல் இருக்காது. எந்தப் பழுது, மாற்று வழி உண்டா என்பதே கேள்வி. வெளிக்கோள் பயணங்களின் அனுபவம் இதற்குச் சில தெளிவான பாடங்கள் தந்திருக்கிறது.

உயவுப்பொருள். கலிலியோவின் 4.8 மீட்டர் ஆன்டெனா குடை போல மடித்து வைத்து அனுப்பப்பட்டது. 1991 ஏப்ரலில் விரிக்கும்போது சில கம்பிகள் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றன. ஏவுதல் தள்ளிப்போனதால் கலம் லாரியில் ஊர் ஊராகப் போய்வந்ததில் உலர் உயவுப்பூச்சு தேய்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வின் முடிவு. நொடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சிறிய ஆன்டெனாவில் முதலில் 8 முதல் 16 பிட் என்ற நிலைக்கு விழுந்தது. சுருக்கும் நிரல்களும் பூமியில் ஆன்டெனா இணைப்பும் கைகொடுத்ததால்தான் பயணம் பிழைத்தது. வாயேஜர் 2-ல் கேமராவைத் திருப்பும் மேடை 1981-ல் சனியைக் கடந்ததும் இறுகிப்போனதற்கும் பல்சக்கரத்தில் உயவு குறைந்ததே காரணம். அதன்பின் மெதுவான வேகத்தில் மட்டும் திருப்பியே யுரேனஸையும் நெப்டியூனையும் முடித்தார்கள்.

ரிசீவர். வாயேஜர் 2-ன் முதன்மை ரிசீவர் 1978 ஏப்ரலில் செத்தது. மாற்று ரிசீவரில் ஒரு மின்தேக்கி கெட்டதால், அது சிக்னலின் அதிர்வெண் மாற்றத்தைப் பின்தொடரும் திறனை இழந்தது. பூமியின் சுழற்சி, கலத்தின் வேகம், ரிசீவரின் வெப்பநிலை எல்லாவற்றையும் கணக்கிட்டு, கலத்தின் காதில் விழக்கூடிய அதிர்வெண்ணிலேயே பூமியிலிருந்து அனுப்புகிறார்கள். யுரேனஸ், நெப்டியூன் பயணம் முழுவதும் அந்த ஒற்றை ரிசீவரை நம்பித்தான் நடந்தது.

சோதிக்கப்படாத இணைப்பு. சனியின் நிலாவான டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் துணைக்கலம் அனுப்பும் சிக்னல், காசினியின் வேகத்தால் அதிர்வெண் மாறி வரும். காசினியில் இருந்த ரிசீவர் தரவைப் பிரிக்கும்போது அந்த மாற்றத்தைச் சரிக்கட்டாது என்பது கலம் பறந்துகொண்டிருந்த 2000-ல் நடந்த சோதனையில்தான் தெரிந்தது. ரிசீவரை மாற்ற வழியில்லை. பாதையை மாற்றினார்கள். 2005 ஜனவரி 14 அன்று காசினி டைட்டனிலிருந்து ஏறத்தாழ 60,000 கி.மீ. தள்ளி, பக்கவாட்டில் கடக்கும்படி வைத்ததால் அதிர்வெண் மாற்றம் அடங்கியது.

இனி என்ன?

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2022 ஏப்ரலில், அடுத்த பெரும் கோள் பயணமாக யுரேனஸ் சுற்றுக்கலத்தையும் வளிமண்டலத்துக்குள் விழவிடும் துணைக்கலத்தையும் பரிந்துரைத்தது. வெளியிலிருந்து வந்து நெப்டியூனின் ஈர்ப்பில் சிறைப்பட்ட நிலாவான டிரைட்டன் அங்கே இருந்தும் யுரேனஸைத் தேர்ந்ததற்குக் காரணம் நடைமுறைதான்: இன்று இருக்கும் ராக்கெட்டிலேயே போக முடியும். டிரைட்டனைக் கடந்து செல்ல முன்வைக்கப்பட்ட டிரைடெண்ட் திட்டம் 2021-ல் தேர்வாகவில்லை. சீனாவின் தியான்வென்-4 திட்டத்தில் வியாழன் சுற்றுக்கலத்தோடு யுரேனஸைக் கடந்து செல்லும் ஒரு கலமும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

துணைக்கலம் எதற்கு? ஹீலியம், நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களைத் தூரத்திலிருந்து சரியாக அளக்க முடியாது. அவற்றின் அளவுதான் கோள் எங்கே, எந்தக் குளிரில் உருவானது என்பதற்குச் சாட்சி. கலிலியோவின் துணைக்கலம் 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் வியாழனுக்குள் பாய்ந்தது. 339 கிலோவில் 152 கிலோ வெப்பக் கவசம். சுமார் 58 நிமிடம் தரவு அனுப்பியது. அதுவும் தற்செயலாக வறண்ட ஒரு பகுதியில் விழுந்ததால், நீரின் அளவு பற்றிய கேள்வி தீரவில்லை. ஒரே இடத்தில் அளப்பதன் குறை இதிலும் இருக்கிறது.

நிறுத்தும் சிக்கலுக்கு ஒரு குறுக்குவழி பேசப்படுகிறது: கோளின் வளிமண்டலத்தில் ஒருமுறை ஆழமாகப் புகுந்து, காற்றின் உராய்விலேயே வேகத்தை இழந்து சுற்றுப்பாதைக்குள் வருவது. எரிபொருள் பெருமளவு மிச்சமாகும், வேகமாகவும் போகலாம். எந்தக் கோளிலும் இதுவரை இப்படிப் பிடிபட்ட கலம் இல்லை. சற்று ஆழம் கூடினால் எரியும், குறைந்தால் தப்பி ஓடும். இடைப்பட்ட வழியைக் கணிக்க மேல் வளிமண்டலத்தின் அடர்த்தி துல்லியமாகத் தெரிய வேண்டும். யுரேனஸில் அது தெரியாது, அதை அளக்கத்தான் கலம் அனுப்பவே வேண்டியிருக்கிறது.

பரிந்துரை சொன்ன புறப்படும் காலம் 2031, 2032. வியாழனின் உந்துதலோடு 13 ஆண்டுகளில் சேரலாம். அது தவறினால் 2030-களின் பிற்பகுதிவரை பூமியையும் வெள்ளியையும் வைத்துப் போகும் பாதைகள் உண்டு, பயணம் நீளும். திட்டம் இன்னும் கட்டுமான நிலைக்கு வரவில்லை.

தாமதத்தின் விலை ஆண்டுகளில் மட்டும் இல்லை. யுரேனஸின் வடபுலக் கோடை உச்சம் 2030-ல். சூரியன் நடுக்கோட்டுக்கு நேராக வருவது ஏறத்தாழ 2050-ல். அதற்கு முன் போனால், 1986-ல் இருளில் இருந்த நிலாக்களின் வட பாதிகள் வெளிச்சத்தில் கிடைக்கும். வியாழன் அடுத்த முறை சரியான இடத்துக்கு வரும் 2040-களின் நடுப்பகுதியில் கிளம்பினால் சேர்வது 2050-களின் பிற்பகுதி. அப்போது சூரியன் தெற்கே 30 பாகைக்கு மேல் நகர்ந்திருக்கும், வடதுருவப் பகுதிகள் நீண்ட இரவுக்குள் போயிருக்கும், வெளிச்சம் விழுவது பெரும்பாலும் வாயேஜர் ஏற்கெனவே படம் எடுத்த பக்கத்தில்.